புதுப்பட்டிச் சாலையில் எதிர்வெளிச்சம்

கோவையிலிருந்து வந்து விருதுநகர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது மழைமேகம் கவிந்து, ஐந்தரை மணிக்கே ஊர் இருட்டத் தொடங்கியிருந்தது. மிளகாய் நெடியில் தொண்டை கமறியது. எம். புதுப்பட்டியில் நண்பரின் புது வீட்டுப் பால்காய்ப்பு மறுநாள் காலை. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாடகைக் கார் பேசி ஏறினேன். ஓட்டுநர் ஜப்பார் என் வயதுக்காரர். அவருடையது மிளகாய் வியாபாரக் குடும்பம். தனக்கு மட்டும் தும்மல் நிற்காது, அதனால்தான் ஸ்டியரிங்கைப் பிடித்ததாகச் சொன்னார்.

ஆமத்தூர், திருத்தங்கல் கடந்து, சிவகாசியை ஒட்டிப் புதுப்பட்டிச் சாலையில் திரும்பினோம். கடைகள் முடிந்தன. இருபுறமும் சீமைக்கருவேலம், அதற்குள் ஒன்றையொன்று தொடாமல் எட்ட எட்ட நிற்கும் பட்டாசு ஆலையின் சிறு அறைகள். பொழுது சாய்ந்தால் அங்கே வேலை கிடையாது. ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் இல்லை.

எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்தது. ஜப்பார் இரண்டு முறை விளக்கைத் தாழ்த்திக் காட்டினார். அவன் தாழ்த்தவில்லை. “அவன் போட்டா நானும் போடுவேன் சார்” என்று இவரும் பிரைட்டைப் போட்டார். கண்ணாடி முழுக்க வெள்ளை. லாரி உரசுவதுபோலக் கடந்ததும் அதே கண்ணாடி முழுக்கக் கறுப்பு.

அந்தக் கறுப்பில் ஒரு முகம் தொங்கியது. அதன் கீழே இரண்டு கைகள், முழங்கை வரை. உடம்பு இல்லை. முகமும் கைகளும் வெள்ளித் தகடுபோல மின்னின. ஜப்பார் பிரேக்கை மிதித்தார். கார் கிறீச்சிட்டு நின்றது. முகம் விலகவும் இல்லை, இமைக்கவும் இல்லை. ஜப்பார் ஏதோ ஓதிக்கொண்டே விளக்கைத் தாழ்த்தினார். அப்போதுதான் கறுப்புச் சேலை தெரிந்தது.

ஆலையில் அலுமினியப் பொடி கலக்கும் பெண். பெயர் பாண்டியம்மாள். அன்று வேன் வரவில்லை, ஆலையில் குளிக்கத் தண்ணீரும் இல்லை. சேலையை மட்டும் மாற்றிக்கொண்டு, முகத்திலும் கையிலும் படிந்த பொடியோடு அப்படியே நடந்து வந்திருக்கிறார். நாங்கள் இறங்கிப் போன பிறகும் எங்கள் பக்கம் பார்க்காமல், இருட்டைப் பார்த்தே கேட்டார்:

“எங்கூட நாத்தனா வந்தாளே. எங்கன இருக்கா?”

கூப்பிட்டோம். பதில் இல்லை. ஜப்பார் காரைக் குறுக்கே திருப்பி, வெளிச்சத்தைச் சாலையோர ஓடையில் விட்டார். முள்ளும் நிழலும் முள்ளுமாகத் தெரிந்தது. காரை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு முட்செடிக்கு அடியில் ஐந்து வெள்ளி விரல்கள் மெல்ல விரிந்தன.

நாத்தனார் செல்விக்குப் பேச்சில்லை, மூச்சு இருந்தது. மூவருமாகத் தூக்கி வந்து பின் இருக்கையில் கிடத்தினோம். சிவகாசி ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியிலேயே கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். வெளிச்சத்துக்கு மிரண்டு ஓரம் ஒதுங்கியவள் பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். எந்த வெளிச்சத்துக்கு என்று நானும் கேட்கவில்லை, ஜப்பாரும் கேட்கவில்லை.

நீங்கள் ஏன் ஒதுங்கவில்லை என்று மட்டும் பாண்டியம்மாளைக் கேட்டேன்.

“அந்த வெளிச்சத்துல கண்ணு அவிஞ்சு போச்சுங்க. ரோடு எங்கன, பள்ளம் எங்கனன்னு தெரியல. நகந்தாத்தான சாவு, நிப்போம்னு நின்னுட்டேன்.”

மறுபடி புதுப்பட்டிக்குப் போகையில் எதிரே விளக்கு தெரிந்தபோதெல்லாம் ஜப்பார் ஓரங்கட்டி நின்று, அது போன பிறகே நகர்ந்தார்.

மறுநாள் விசேஷம் முடிந்து அவர் காரிலேயே திரும்பினேன். நல்ல வெயில். எங்கள் கோவைத் தெருவில் விடிய விடிய விளக்கெரியும். இருட்டில் எதிரே ஒரு மனித முகம் இருக்கக்கூடும் என்று அங்கே நான் யோசித்ததே இல்லை. அந்த ஓடைக்கு அருகே நான்கைந்து பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். காரின் சத்தம் கேட்டதும், ஒருவரும் சொல்லாமலே, எல்லோரும் நின்றார்கள். முகத்தை முட்காட்டுப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள், பட்டப்பகலில், விளக்குப் போடாத காருக்கு.