பதினாலாம் எண் மீட்டர்

அந்தச் சாயத் தொழிற்சாலையில் எல்லோரும் அவனை மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரன். எடைத் தராசோ வெப்பமானியோ, அவன் கை பட்டால் ஒழுங்காகிவிடும். அவனை அங்கே சேர்த்துவிட்டது அக்கா புருஷன். மாமாவுக்குக் கழிவுத் தொட்டிகளில் வேலை.

தொட்டிக்குள் விஷவாயு தேங்கும். ஆனால் மோட்டாரில் நூல் கழிவு சிக்கினால் யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குமுன் மாமா வாயுவை அளக்கும் கைமீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, நிதானமாக நூறு வரை எண்ணி, மேலே இழுப்பார். உள்ளே கண்ட அளவை அது அப்படியே பிடித்து வைத்திருக்கும். பூஜ்யம் என்றால்தான் ஏணியில் கால் வைப்பார்.

இதில் நேரம் வீணாகிறதாம் மேனேஜருக்கு. தொட்டிக்குள்ளேயே ஒரு மீட்டரை மாட்டி, ஆபீஸ் நெட்வொர்க்கில் இணைத்துவிட்டால் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாமே! வேலை இவன் தலையில் விழுந்தது.

முதலாளி பார்வையிட வந்த அன்று கேபிள் தொட்டி வரைக்கும் போய்ச் சேரவில்லை. “திரையில ஏதாவது தெரியணும்ப்பா, மானத்தை வாங்கிடாதே” என்றார் மேனேஜர். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கதவிலக்கம் மாதிரி தனி எண் உண்டு. தொட்டிக்கென்று ஒதுக்கியது பதினாலு. பட்டறை மேசையில் கிடந்த உபரி மீட்டருக்கு அந்த எண்ணைக் கொடுத்துச் செருகினான். பட்டறையில் ஏது விஷவாயு, திரையில் பூஜ்யம் வந்தது. முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்துத் தொட்டி மீட்டரை மாட்டி, அதற்கும் அதே பதினாலைக் கொடுத்தான். மேசையில் இருந்ததைக் கழற்ற மறந்துபோனான். அட பாவி மனுஷா, ஒரு ஒயரைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்! ஒரே எண்ணில் இரண்டு மீட்டர். கம்ப்யூட்டர் முன்பே பழகிய மேசை மீட்டரிடமே கேட்டுக்கொண்டிருந்தது. பூஜ்யத்தைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை மாமா போன் செய்தார்.

“மாப்ள, மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுது. உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?”

“ஜீரோ மாமா. தாராளமா இறங்குங்க.”

“நீ சொன்னா சரி.”

கால் மணி நேரத்தில் காவலாளியின் அலறல் கேட்டது. மாமாவின் உடம்பை மேலே கொண்டுவந்த தீயணைப்புக்காரர் முகமூடியைக் கழற்றியதும் கத்தினார்: “உள்ள மாட்டியிருக்கிற மீட்டர் எழுநூறு காட்டுதேய்யா! பார்க்காமலா ஆளை இறக்கினீங்க?”

அவன் பட்டறைக்கு ஓடினான். மேசை மேல் உபரி மீட்டர் பச்சை விளக்கோடு, சமர்த்தாகப் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த மேனேஜர் கதவைச் சாத்தினார். “இதைக் கழட்டி அலமாரியில போடு. தொட்டி மீட்டர் பழுது, ஆபீசுக்குத் தப்பா அனுப்பிச்சுன்னு எழுதிக்கலாம். வாயைத் திறக்காதே.” அவன் கழற்றினான். அதையும் மறைக்க வேண்டாம்.

பத்து நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனான். அவள் மாமாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“காவலாளி சொன்னாருடா. உங்க மாமா அன்னைக்கும் கயித்தை எடுத்தாராம். ‘மாப்ள பார்த்துச் சொல்லிட்டான், இது எதுக்கு’ன்னு திரும்ப மாட்டிட்டாராம். அந்தப் பாழாப்போன மீட்டர் பழுதானதுக்கு நீ என்னடா பண்ணுவே? சாப்பிடாம கிடக்காதே.”

அந்த ஆறுதலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. “மீட்டர் பழுதில்லக்கா” என்று ஆரம்பித்து, மேசை, ஒயர், பதினாலு, மேனேஜர் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான்.

அக்கா மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“அந்த ஒயர் எவ்வளவு நீளம்?”

“ஒரு முழம் இருக்கும்.”

அவள் சட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து அவனை ‘டா’ போட்டே பேசியவள், “எழுந்து போங்க” என்றாள்.