வாக்குமூலத்தில் இல்லாத அழைப்பு

கிள்ளிப்பாலத்தில் எங்கள் சந்துக்காரர்கள் 'பட்டாளத்து அண்ணாச்சி' என்று கூப்பிடும் குற்றாலலிங்கத்துக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. சுபேதாராக ஓய்வு பெற்றவர். 'சாலை' என்று பெயருள்ள கடைவீதியில் ஒரு துணிக்கடையில் செக்யூரிட்டிகளுக்கு மேற்பார்வை பார்க்கிறார். அவருக்குச் சீன மொழி தெரியும் என்பது சந்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கே இரண்டு வருஷம் முன்புதான் தெரியும். மனு ஒன்றைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். அதை இங்கிலீஷில் ஆக்கித் தரச் சொல்லி வீட்டுக்கு வந்தார். நாலு பக்கம். படித்து முடித்தபின் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவர் அப்பா சங்கரன்கோவிலிலிருந்து வந்து அதே சாலைக் கடைவீதியில் ஒரு ஓட்டலில் பரோட்டா போட்டவர். எண்பத்தைந்தில் பாங்கோடு ராணுவ முகாமில் ஆள் எடுத்தபோது லிங்கம் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற பையன் வெள்ளை வெளேரென்று, பூணூலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துச் சேஷன். ப்ரீடிகிரிப் பரீட்சையில் தோற்றுவிட்டு, கோவில் காரியஸ்தரான அப்பாவுக்குத் தெரியாமல் ஓடி வந்திருந்தான்.

"பயமா சாமி?" என்றார் லிங்கம்.

"பசிடா" என்றான் சேஷன்.

இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் பாங்கோடு வரிசையில் நின்றிருக்காவிட்டால் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். அன்று முதல் சேஷன் அவருக்கு 'சாமி'. அவர் சேஷனுக்கு 'டேய் லிங்கம்'. ஒரே பட்டாலியன், ஒரே கம்பெனி. தொண்ணூற்றாறில் இரண்டு பேரையும் சேர்த்தே சீன மொழிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எல்லையில் இரு தரப்பு அதிகாரிகளும் சந்திக்கும்போது நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

அந்த வகுப்பில் ஒரு பாடம். மிகப் பழைய காலத்துச் சீனத்தில் வடக்குக் கோட்டையைக் காத்த இரண்டு படைத்தலைவர்களின் கதை. ஒருவன் பெயர் லு, இன்னொருவன் ஷென். மலைக்கு அந்தப் பக்கத்துக் காவல் கோபுரத்தில் ஷென்னை எதிரிகள் சூழ்ந்துகொள்கிறார்கள். வாசலைத் திறக்கக் கூடாது என்று லுவுக்கு அரசனின் ஆணை. லு வாசலைத் திறந்துகொண்டு போய் நண்பனை மீட்டு வந்துவிடுகிறான். ஆணையை மீறியதற்குத் தலையைக் கொய்யச் சொல்கிறான் அரசன். அந்தத் தீர்ப்பைப் படைக்கு முன்னால் வாசிக்கும் பொறுப்பு ஷென்னுக்கே வருகிறது. குரல் நடுங்காமல் வாசிக்கிறான். பிறகு பதவியை உதறிவிட்டு, லுவின் தாயாரை அவள் சாகும்வரை முப்பது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறான். பாடத்தின் அடியில் ஒரே கேள்வி: இருவரில் யாருடைய விசுவாசம் பெரிது?

"சந்தேகமென்ன, லுதான். யோசிக்காம போனான் பாரு" என்றான் சேஷன்.

"செத்துப் போறது எளுப்பம் சாமி. ஷென் முப்பது வருஷம் சுமந்தான்லா. அவன்தான்" என்றார் லிங்கம்.

வகுப்பிலிருந்து மெஸ் வரைக்கும், சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும் வரைக்கும் சண்டை போட்டார்களாம். "அன்னைக்கு நாந்தான் ஜெயிச்சேன்" என்று என்னிடம் சொன்னார் அண்ணாச்சி.

இரண்டாயிரத்து மூன்றில் இரண்டு பேரும் நாயிப் சுபேதார்கள். வடகிழக்கு எல்லையில், மரம் முளைக்காத உயரத்தில் ஒரு காவல் நிலை. அதன் பொறுப்பு சேஷனிடம். ரோந்துப் பொறுப்பு லிங்கத்திடம். அக்டோபர் மாதம் ஒரு நாள் காலையில் லிங்கம் இரண்டு சிப்பாய்களோடு ரோந்து போனார். மத்தியானம் வானம் கெட்டது. குறித்த இடத்தை எட்டியாயிற்று, திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு அப்பால், தாண்டக் கூடாத சரிவில், புதிதாகக் கல் அடுக்கி வைத்திருப்பது தெரிந்தது. அதைக் கிட்டப் போய்ப் பார்த்து வந்தால் மேலிடத்தில் நல்ல பெயர் கிடைக்கும் என்று தோன்றியது. "நீங்க போங்க, பின்னாலயே வாறேன்" என்று சிப்பாய்களைத் திருப்பி அனுப்பினார்.

கல் குவியலை அடைவதற்குள் பனிக்காற்று பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்கியது, நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம் கேட்டது. உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அந்த நோய் அங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். இறங்காவிட்டால் சாவுதான். வயர்லெஸ் செட்டை வாயருகே வைத்து அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்தது சேஷன். ஆபரேட்டர் அப்போது ஜெனரேட்டரைப் பார்க்கப் போயிருந்தான்.

"சாமி, எனக்கு வய்ய, நடக்க முடியல. கல் குவிச்ச இடத்துல கிடக்கேன். வந்து கூட்டிட்டுப் போ சாமி."

"வரேன். தூங்கிடாதே. என்ன ஆனாலும் தூங்கிடாதே."

இவ்வளவுதான் பேச்சு. காற்று அடங்கும்வரை ஒருவரும் நிலையை விட்டு நகரக் கூடாது என்று தலைமையிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் உத்தரவு வந்திருந்தது. சேஷன் கையெழுத்துப் போட்டு வாங்கிய உத்தரவு. அப்படியும் அவன் கிளம்பினான். லான்ஸ் நாயக் சுடலைக்கண்ணு மட்டும் "நானும் வாறேன் சாப்" என்று கயிற்றை எடுத்துக்கொண்டு கூட வந்தார். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், முப்பத்திரண்டு வயது.

இரண்டு பேரும் லிங்கத்தைக் கண்டுபிடித்தார்கள். சேஷன் அவரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான். கடைசிச் சரிவில், பின்னால் கயிறு பிடித்து வந்த சுடலைக்கண்ணு நின்ற பனி விளிம்பு உடைந்தது. உடல் மூன்றாம் நாள்தான் கிடைத்தது. லிங்கத்துக்கு இது எதுவும் தெரியாது. நினைவில்லாமல் நண்பன் முதுகில் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலருகே சேஷன் உட்கார்ந்திருந்தான். உதடெல்லாம் வெடித்து, முகம் கறுத்து.

"நன்னாக் கேட்டுக்கோ. நீ என்னைக் கூப்பிடலே. நீ எல்லைக்கு உள்ளேயே கிடந்தே, நான் மனசு கேக்காம தேடிண்டு வந்தேன். என்கொயரியிலே இதைத்தான் சொல்லப் போறேன். நீயும் இதையே சொல்லு."

"அப்படிச் சொன்னா உன் கதி என்ன சாமி?"

"எப்படியும் நான் போஸ்ட்டை விட்டு வந்தாச்சு. சுடலை போயிட்டான். நீ கூப்பிட்டேன்னா எங்கேருந்துன்னு கேப்பா, நீ தாண்டினது தெரிஞ்சுடும். ரெண்டு பேர் எதுக்குடா விழணும்?"

லிங்கம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் மனுவில் நாலு தடவை எழுதியிருந்தார். 'நான் அப்போதே மறுத்திருக்கலாம்.'

விசாரணையில் லிங்கத்திடம் கேட்டார்கள்: "ரேடியோவில் உதவி கேட்டீர்களா?" மேஜைக்கு அந்தப் பக்கம் சேஷன் நேராக நின்றான்.

"இல்லை" என்றார் லிங்கம்.

கேட்டேன் என்று சொல்லியிருந்தால், சாகக் கிடந்த ஒருவனின் குரலைக் கேட்டுப் போன மனிதன் என்றாவது சேஷனைப் பார்த்திருப்பார்கள். இப்போதோ, ஒரு தகவலும் இல்லாமல் உத்தரவை மீறிப் போய் ஒரு வீரனைப் பலி கொடுத்த அதிகாரி. சேஷனை டிஸ்மிஸ் செய்தார்கள். லிங்கம் மேலும் பத்து வருஷம் வேலை பார்த்து, சுபேதாராகி, மாலை மரியாதையோடு ஊர் திரும்பினார்.

திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே சேஷன் கிள்ளிப்பாலத்துக்கு வந்துவிட்டான். ஸ்ரீவராகத்தில் பிள்ளைகளுக்கு ஹிந்தி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தான். "பொன்செல்வி, ஒரு காப்பி" என்று லிங்கத்தின் மனைவியிடம் உரிமையாகக் கேட்டு உட்கார்ந்தான். அப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தான். பேசாத விஷயமில்லை, அந்த ஒரு நாளைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை விடிந்தாலே லிங்கத்துக்கு அவன் வந்துவிடுவானே என்றிருக்கும். வராமல் இருந்தால் அதைவிட மோசமாக இருக்கும்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் சேஷனுக்கு நுரையீரல் கெட்டது. வராத மூன்றாவது ஞாயிறன்று, லிங்கம் தன் கைப்பட எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ராணுவத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்றார்.

சேஷன் ஆக்சிஜன் குழாயை விலக்கிக்கொண்டு படித்தான். காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தான்.

"நீ கூப்பிட்டது என்னைத்தானே? பட்டாலியனையா கூப்பிட்டே? எனக்குக் கேட்டுது, வந்தேன். அதை இன்னொருத்தன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"என்னால ஆவல சாமி. பத்தொன்பது வருசமா ஆவல."

"நேக்குத் தெரியாதாடா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டான்.

பதின்மூன்று நாள் காரியமும் முடியட்டும் என்று காத்திருந்து, லிங்கம் ஸ்ரீவராகத்துக்குப் போனார். சேஷனின் மனைவி சுப்புலக்ஷ்மி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் ஆஷா பக்கத்தில். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முடித்தபின் சுப்புலக்ஷ்மி கேட்டாள்.

"அப்போ நீங்க கூப்பிட்டுத்தான் போனாரா?"

"ஆமா அம்மா."

"சுடலைக்கண்ணுவோட பொண்டாட்டி ஒரு நாள் இந்த வாசல்லே வந்து நின்னா. ஆவுடைத்தாய். சின்னப் பையனோட. 'எம் புருசனை எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க'ன்னு தெருவே பார்க்க அழுதா. இவர் உள்ளே உக்காந்து சாப்பிட்டுண்டிருந்தார். நான் வந்து சொன்னேன், 'ஒரு மனுஷனைக் கொன்னுட்டு வந்து எப்படித் தொண்டையிலே எறங்கறது'ன்னு. கையை அலம்பிண்டு எழுந்து போனார்." அவள் குரல் அப்போதும் உயரவில்லை. "அன்னிக்கு மட்டும் இல்லே. கோபம் வரச்சே எல்லாம் அதையே சொன்னேன். பத்தொன்பது வருஷம். ஒரு தடவைகூட, லிங்கம் கூப்பிட்டான்னு அவர் சொல்லலே. எங்கிட்டகூடச் சொல்லலே."

லிங்கம் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்போ நான் யார்கிட்ட போய் மன்னிப்புக் கேப்பேன்? ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கப்படாதா நீங்க? ஒரே ஒரு மாசம்?"

மனு போடுங்கோ, ஆஷா கையெழுத்துப் போடுவாள் என்று சொல்லிவிட்டு சுப்புலக்ஷ்மி எழுந்தாள். "இந்தத் தெருவுக்கு மட்டும் இனிமே வராதீங்கோ."

மனு போனது. லிங்கம் தீர்ப்பாயத்தில் நின்று, முன்பு சொன்னது பொய் என்று சத்தியம் செய்து சொன்னார். தனக்கு ஏதாவது தண்டனை கிடைக்கும் என்று நினைத்தார். கிடைக்க வேண்டும் என்றே விரும்பினார் என்று நினைக்கிறேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆனபின் நடவடிக்கை எடுக்க வழியில்லை என்று விட்டுவிட்டார்கள். இந்த வருஷம் மார்ச்சில் ஆஷா போன் செய்தாள். "அங்கிள், ஆர்டர் கிட்டிடுச்சு. டிஸ்மிஸ்ங்கிறதை எடுத்துட்டாங்க. அப்பா பேருக்கு முன்னாடி நாயிப் சுபேதார்னு போட்டிருக்கு." அம்மா என்ன சொன்னாள் என்று இவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர் வள்ளியூருக்குப் பஸ் ஏறினார். ஆவுடைத்தாய் பீடிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டில் இருந்தாள். அவளிடமும் முதலிலிருந்து சொன்னார். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. இருபத்தோரு வருஷம் கடந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்டாள்.

"விழுகிறதுக்கு முன்ன அவரு ஏதும் சொன்னாரா?"

"எனக்கு நெனவில்ல தாயி. நான் மயங்கிக் கிடந்தேன்."

"பெறவு யாருக்குத் தெரியும்?"

"சேஷனுக்குத் தெரியும்."

"அந்த ஐயரு இருக்காரா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். மருமகளைக் கூப்பிட்டு, வந்தவருக்குச் சோறு போடச் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடிக்கத் தனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று என்றார் என்னிடம்.