வெள்ளிக்கிழமை நகம்

மூன்று கட்டை. பியானோவில் கறுப்பும் வெள்ளையுமாக எண்பத்தெட்டுக் கட்டைகள் இருக்கின்றன. எனக்கு ஒதுக்கப்பட்டவை மூன்றே மூன்று. அதுவும் இடதுகோடியில், எருமை செருமுவது போல் சத்தம் வருகிற பக்கம். மீதி அத்தனையும் டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு. ஐம்பதை நெருங்கும் இந்த வயதில் நினைத்தாலும் எனக்குக் காது மடல் சுடுகிறது.

பாளையங்கோட்டையில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் டீச்சர் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார். மற்ற நாட்களில் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, எந்த வேகத்தில் என்று தெரியவில்லை, பத்து வயதில் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். எங்கள் வீட்டில் பியானோ கிடையாது. நான் பீரோவின் பக்கவாட்டில் தட்டித் தட்டிப் பழகினேன். பீரோவில் ஒரு வசதி, எங்கே தட்டினாலும் தப்பு வராது.

டீச்சருக்கு ஒரு சட்டம் இருந்தது. உட்காரும் முன் கையைக் கழுவி, நகத்தைக் காட்ட வேண்டும். நீண்டிருந்தால், பியானோவின் ஓரத்தில் நூலில் தொங்கும் நகவெட்டி வேலையைத் தொடங்கிவிடும். அம்மாவுக்கும் ஒரு சட்டம் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் நகம் வெட்டக்கூடாது. விளக்கு வைத்த பிறகு எந்தக் கிழமையும் கூடாது. எனக்கு வகுப்பு புதன்கிழமை என்பதால் இந்த இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை பெற்றோரை வரவழைத்துப் பிள்ளைகளை வாசிக்க வைப்பார் டீச்சர். அந்த வருடம் நானும் டாக்டர் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாட்டு. அவளுக்கு மெட்டு. எனக்கு ஆரம்பம் முதல் கடைசி வரை டும், டும், டம்.

"டீச்சர், எனக்கும் பாட்டு வேணும்."

"இதுதாம்ல பாட்டு. பைய வாசி, நிக்காம வாசி."

"இது பாட்டுன்னா, அவ வாசிக்கது என்னது டீச்சர்?"

டீச்சர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து மறுபடி இடதுகோடியில் வைத்தார். நாலு மாதம் அந்த மூன்று கட்டைகளையும் திட்டிக்கொண்டே தட்டினேன்.

சனிக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பயிற்சி, ஞாயிறு ஆராதனை. அதனால் நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று. அந்த வாரம் ஆழ்வார்குறிச்சியில் சித்தி வீட்டு விசேஷம். போய்வந்த அமளியில் என் நகத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். எங்கள் முறை வந்து நான் கையை நீட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது.

"என்னல இது, கோழி கிண்டுத மாதிரி வளத்து வச்சிருக்க?" டீச்சரின் கை நகவெட்டிக்குப் போனது.

மூன்றாவது வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றாள்.

"வேண்டாம் டீச்சர். வெள்ளிக்கெழம. வெளக்கும் வச்சாச்சி."

"நகம் கட்டையில தட்டுதும்மா. பாட்டுக்கு மேல அதுதான் கேக்கும்."

"கேட்டுட்டுப் போவுது. வீட்டுல இருக்க லெச்சுமி வெளிய போயிருவால்லா?"

"எங்க வீட்டுலதானம்மா வெட்டுதேன்?"

"கை எங்க வீட்டுக் கைல்லா!"

கூட்டம் சிரித்தது. ஜட்ஜ் கோபப்படும்போது கோர்ட்டில் செய்வதைப் போல அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் நகவெட்டியை மெல்ல விட்டார்.

"அப்பம் இன்னைக்கு இவன் வாசிக்க வேண்டாம். அந்தப் பிள்ள தனியா வாசிக்கட்டும்."

நாலு மாதமாக நான் காறித் துப்பிய அதே மூன்று கட்டைகள், கையை விட்டுப் போகின்றன என்றதும் உலகத்திலேயே உயர்ந்த சொத்தாகிவிட்டன. தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு விடலைத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று சுவரில் இருந்த இயேசு படத்திடமும் சொல்லிவைத்தேன். அந்த வீடு இருவரில் யாருடைய எல்லைக்குள் வரும் என்று தெரியவில்லை.

பிறகுதான் குமாஸ்தா மகனுடைய மூளை வேலை செய்தது. அம்மாவின் சட்டம் வெட்டக்கூடாது என்றுதானே சொல்கிறது?

கொல்லைப்புறக் குழாயடிக்கு ஓடினேன். இரண்டு நிமிடத்தில் பத்து நகத்தையும் கடித்துத் துப்பினேன். இடது மோதிரவிரலில் நகத்தோடு கொஞ்சம் சதையும் வந்தது. ஓடிவந்து டீச்சர் முன் கையை நீட்டினேன்.

"வெட்டல டீச்சர். கடிச்சிட்டேன்."

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தைச் சுளித்தாள். ஆனால் கடிப்பதற்கு அவளிடம் கிழமை ஏதும் இல்லை.

"கடிச்சது வேற," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

வாசிக்க ஆரம்பித்தோம். டும், டும், டம். அவள் விரல்கள் வலதுபுறம் துள்ளிக்கொண்டு போயின. பாதிப் பாட்டில் திடீரென்று நின்றுவிட்டன. திரும்பிப் பார்த்தால் அவள் முகம் வெளுத்திருக்கிறது. கைகள் அந்தரத்தில் நிற்கின்றன. சபையில் யாரோ இருமினார்கள்.

நியாயமாகப் பார்த்தால் நானும் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பத்து நகத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மகாராணி நின்றால் நானும் நிற்க வேண்டுமா? எரிச்சலில் இன்னும் ஓங்கித் தட்டினேன். டும், டும், டம். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கட்டையில் இரத்தம் லேசாகத் தீற்றியிருந்தது. அதைப் பார்த்து அருவருக்கிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று, தனியாகவே தட்டினேன். நாலாவது சுற்றில் அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலேயே சரியாக வந்து சேர்ந்தாள். பாட்டு முடிந்தது.

கைதட்டல் அடங்கவே இல்லை. எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "எப்பிடிச் சமாளிச்சிட்டா, பாத்தேளா!" என்றார் டாக்டர். தடுமாறியவளுக்கு மாலை, தடுமாறாதவனுக்கு ஒரு தம்ளர் ரஸ்னா! இந்த அக்கிரமத்தை யாரிடம் சொல்ல?

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் ஓடிவந்தாள்.

"ஏ, அடுத்த வருசமும் நீதான எங்கூட வாசிப்ப? அந்தப் பக்கம் நீயே இருந்துக்கோ, என்னா?"

அடுத்த வருடமும் மூன்று கட்டையா? ஆயுள் தண்டனையா?

"ஏன், எடுபிடிக்கு ஒனக்கு வேற ஆளு கெடைக்கலியா? நான் இனி வரவே மாட்டேன், போ!"

சொன்னபடியே அதன்பின் நான் அந்த வீட்டுப் படியேறவில்லை. அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் இரண்டும் நிறைந்துவிட்டன. அவ்வளவு பேர் கைதட்டி முடித்த பிறகு இந்தப் பிள்ளைக்கு அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரே சொல்லில் வாயை அடைத்துவிட்ட பெருமையில், கடித்த விரலைச் சூப்பிக்கொண்டே அம்மா பின்னால் நடந்தேன்.