தின்னருக்கு இல்லாத சட்டம்

சின்னராஜுக்குக் கழுத்தை நீட்டும் முன் வசந்தாமணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை குடிப்பாரா? அப்பனைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவள் வேறென்ன கேட்பாள்? அது மதுவிலக்குக் காலம். சட்டமும் கெடுபிடியாக இருந்தது, சாராயமும் தாராளமாகக் கிடைத்தது. சின்னராஜ் அதைத் தொட்டதே இல்லை. திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவன் பெயின்டர். வேலை முடிந்து வந்ததும் வாயை மோந்து பார்ப்பாள். பெயின்டில் கலக்கும் தின்னர் வாடை மட்டும்தான் அடிக்கும். உழைக்கிற மனுசன் வாசம் என்று பூரித்துப்போவாள், பைத்தியக்காரி.

போகப்போக அவனுக்குக் கை நடுங்கியது. சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோனது. வயிற்றுப் புண்ணாக இருக்கும் என்று அவள் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

ஒருநாள் மத்தியானம் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். பாதி கட்டிய லாரிக்குப் பின்னால், தின்னரில் நனைத்த துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு கிடந்தான் சின்னராஜ். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அவளை அடையாளம் தெரியவில்லை. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இதை விடாவிட்டால் ஆள் தங்கமாட்டான் என்றார் டாக்டர். சின்னராஜும் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். மறுநாளே அதே துணி, அதே மூக்கு. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"அவரைக் கொஞ்ச நாளைக்கு உள்ள போடுங்க சாமி. இல்லீன்னா செத்துப்போயிருவாருங்க."

ஏட்டு சிரித்தார். "சாராயம் குடிச்சாப் புடிக்கலாம், வெச்சிருந்தாலும் புடிக்கலாம். தின்னரை மோந்து பாக்கறதுக்குச் சட்டமே இல்லியேம்மா. என்னன்னு கேஸ் எழுதறது?"

வசந்தாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. உயிரைக் குடிக்கிற சனியனுக்குச் சட்டம் இல்லையாம்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

அன்று சாயங்காலம், வாழ்நாளில் கால்வைக்காத சந்துக்குப் போய் ஒரு பாட்டில் சாராயம் வாங்கினாள். வீட்டுக்கு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியைத் திறந்தாள். தின்னர் மயக்கத்தில் கிடந்தவனின் உதட்டிலும் சட்டையிலும் அதை ஊற்றி, மிச்சத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தானே போய்ப் போலீசைக் கூட்டிவந்தாள்.

ஸ்டேஷனில்தான் சின்னராஜுக்குத் தெளிந்தது. "சத்தியமா நான் சாராயத்தைத் தொட்டதில்லைங்க! வேணும்னா எங்க ஊட்டுக்காரியைக் கேளுங்க!" என்று கதறினான்.

ஏட்டு அவள் பக்கம் திரும்பினார். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது, இருந்தாலும் கேட்டார்.

"தினமும் குடிச்சுப்போட்டுத்தானுங்க வாராரு" என்றாள் வசந்தாமணி. புருசன் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.