தின்னர் ஊற்ற முடியாத ரத்தம்

ஹீமோகுளோபின் பத்தொன்பதரை என்று சீட்டு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பொம்மசந்திராவில் இரும்புப் பெட்டிகளுக்கு பெயின்ட் அடிக்கும் வேலை. இரண்டு வருடமாக டெம்பரரி. மெடிக்கலில் தேறினால் பர்மனென்ட். என்னோடு வேலை செய்தவனுக்குப் பதினொன்றுதான்.

"குரு, உன் ஒடம்புல ரெண்டு ஆள் ரத்தம் ஓடுது," என்றான்.

கம்பெனி டாக்டரம்மா கையெழுத்துப் போடவில்லை.

"ரத்தம் நெறைய இருந்தா தப்பாம்மா?"

"ரொம்ப கெட்டியா இருக்குப்பா. அடிக்கடி தலைவலி வருதா?"

வந்தது. பெயின்ட் நாற்றம் என்று நினைத்திருந்தேன்.

"ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கலாம். இப்படியே இருந்தா ஃபிட்னு எழுத மாட்டேன்."

கெட்டி என்றால் எனக்குத் தெரியாதா? தினமும் காலையில் அடியில் ஓட்டையுள்ள கப்பில் பெயின்டை நிரப்பி, எத்தனை நொடியில் ஒழுகுகிறது என்று பார்ப்பவன் நான். நொடி கூடினால் பெயின்டை இளக்கத் தின்னர் ஊற்றுவேன். ரத்தத்துக்குத் தின்னர் தண்ணீர்தானே? டெஸ்ட் அன்று விவேக் நகரில் வீட்டிலேயே ஒரு குடத்தில் பாதியைக் குடித்துவிட்டு கம்பெனி பஸ் ஏறினேன். மடிவாளா சிக்னலில் பஸ் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அங்கே நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன்.

ரிசல்ட் பத்தொன்பது.

"எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?" என்றார் டாக்டரம்மா, சீட்டைப் பார்த்தபடியே. "பெயின்ட் செக்ஷன் ஆளுங்க எல்லாரும் இதயே பண்றீங்க. குடிச்சது ஒண்ணுக்கா போயிடும். ரத்தத்துல இருக்கிற செல் போகாது. உங்க பெயின்ட்ல பவுடர் அதிகமானா என்ன ஆகும்?"

"கப்புலேருந்து எறங்காது."

"ரத்தத்துக்கு செவப்பணுதான் பவுடர். உங்களுக்கு அது கூட்டமா இருக்கு. ஒவ்வொரு அணுவும் வளைஞ்சு நெளிஞ்சு, தன்னவிட சின்ன குழாய்ல நுழையணும். ஓட்டம் மெதுவானா காசு அடுக்கின மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்ப இன்னும் கெட்டி."

"கலக்காம வெச்ச பெயின்டும் அப்படித்தாம்மா. கலக்கினா எளகிடும்."

"அதேதான்!" அன்றுதான் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "சிகரெட் எத்தனை?"

"நாலு."

"நாலு பாக்கெட்டா?"

"இல்லம்மா, ரெண்டு பாக்கெட்."

புகை ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதாம். காற்று போதவில்லை என்று உடம்பு மேலும் மேலும் செல் செய்கிறதாம். பவுடரைக் கொட்டிக்கொண்டிருந்தவன் நான்தான். இரண்டு வருடமாகத் தலைவலிக்குப் பெயின்டைத் திட்டியிருக்கிறேன். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்ட?

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜையில் கோளாறு இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள். பிறகு கெட்டியைக் குறைக்க இரண்டு தடவை பை பையாக ரத்தம் எடுத்தார்கள். மனைவிக்கு ஆத்திரம்.

"ரத்தம் ஊறட்டும்னு தெனம் பீட்ரூட் அரைச்சு ஊத்தினேன். இவங்க எடுத்து கீழ கொட்டறாங்களா?"

"இனிமே அரைக்காத."

"சிகரெட்ட விடுங்க, நான் பீட்ரூட்ட விடறேன்."

விட்டேன். அதன்பின் ஆறு வாரத்தில் சூப்பர்வைசரோடு இரண்டு சண்டை, பஸ் டிரைவரோடு ஒன்று. மனைவியோடு போட்டதை எண்ணவில்லை. தலைவலி மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

அடுத்த சீட்டில் பதினாறரை. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

"என்ன குரு, மூணு பாயின்ட் எறங்கிட்டியே?" என்று அந்தப் பதினொன்றுக்காரன் வருத்தப்பட்டான். கம்பெனி கேட்டுக்கு வெளியே, நான் பர்மனென்ட் ஆனதைக் கொண்டாட ஒரு சிகரெட் பாக்கெட்டை நீட்டினான். வாங்கிச் சாக்கடையில் போட்டேன். இரண்டு நாள் பேசவில்லை அவன்.

மூன்றாம் நாள் வீட்டிலிருந்து ஒரு டப்பா பீட்ரூட் பொரியல் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன்.

"தின்னு. ஒனக்குத்தான் இது."