மூலை வெட்டின மாத்திரை

போன ஆகஸ்ட் மாசம் ஒரு திங்கக்கிழமை, என் தங்கச்சி மக ஜெனிபா பரிட்சை எழுதுற இடத்துலயே தூங்கி விழுந்துட்டா. அப்ப பதினொண்ணாவது படிச்சா. பள்ளிக்கூடத்துல இருந்து ஆள் வந்துச்சு. நான் வாலிநோக்கம் உப்பளத்துல பாத்தியில நின்ன கோலத்தோடயே போனேன். டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, காகிதத்துல மடிச்ச ஒண்ணைக் கையில வச்சாங்க. "இது அவ ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்துச்சும்மா. போதைக்காக மாத்திரை போடுறா. எங்க இருந்து வருதுன்னு விசாரிங்க"ன்னாங்க. வெக்கத்துல நான் அதைப் பிரிச்சுக்கூடப் பாக்கல. வீட்டுக்கு வந்து வேதப்புத்தகத்துக்குள்ள செருகிட்டேன்.

சபையில எழுந்து பேச எனக்கு நாக்கு எழாது. அஞ்சாங்கிளாஸ் படிப்புதான். ஆனா ஆண்டவர் செஞ்சதைச் சொல்லாம இருக்க முடியல. அதான் எழுதித் தாரேன், பாஸ்டர் அம்மா வாசிச்சுக் காட்டட்டும்.

ஜெனிபா பத்தாவது பரிட்சை எழுதின வருசம் என் தங்கச்சி தவறிட்டா. பிள்ளையோட அப்பா அதுக்கு முந்தியே இறந்து போயாச்சு. எனக்கும் பிள்ளை இல்ல, அவளை நான்தான் வளக்குறேன். இவளும் கையை விட்டுப் போனா எனக்கு யாரு இருக்கா.

அன்னையில இருந்து எல்லார் மேலயும் சந்தேகம். பள்ளிக்கூட வாசல்ல ஐஸ் விக்கிறவர் மேல சந்தேகம். பஸ்ஸுல பிள்ளைககூடச் சிரிச்சுப் பேசுற கண்டக்டர் மேல சந்தேகம். அவ பையை மோந்து பாத்தேன். தலகாணி உறையைப் பிரிச்சுப் பாத்தேன். ஒரு நாள் வேலைக்குப் போகாம அவ பின்னாடியே போய் மறைஞ்சு நின்னேன். கடைசியில அவ கூட்டாளி ஆயிஷா மேல வந்து நின்னுச்சு. அந்தப் பிள்ளையோட அத்தா சவுதியில இருக்காரு. அவ கையில எப்பவும் போன்.

பஸ் ஸ்டாப்புல நாலு பேருக்கு முன்னால கேட்டுட்டேன். "ஏத்தா, எம்பிள்ளைக்கு என்னத்தக் குடுக்குற?"

அவ முகம் செவந்து போச்சு. "நான் ஒண்ணும் குடுக்கல பெரியம்மா. நீங்க வீட்டுல தேடுங்க"ன்னா.

என்ன திமிருன்னு நெனச்சேன்.

மூணு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, எம்பிள்ளைக்குக் குடுத்த கையைக் காட்டும்"னு ஒரே ஜெபம். என்னால முழங்கால் போட முடியாது. வலி மாத்திரை போட்டாத்தான் முடியும். உப்பளத்துல நாங்க முக்காவாசிப் பேரு அதைப் போட்டுத்தான் நிக்கிறோம். வெயிலு, உப்புத் தண்ணி, குனிஞ்சே உப்பு வார்ற வேலை. டாக்டர் சீட்டு கேக்காமலே கடையில தாராக. நான் மாத்திரை அட்டையை ஒண்ணொண்ணா நறுக்கி, குத்தாம இருக்க மூலையெல்லாம் கத்தரியால வளைச்சு வெட்டி சுருக்குப்பையில போட்டுக்குவேன். "மூலையில்லாத மாத்திரையில ஒண்ணு குடு மதினி"ன்னு கூட வேலை பாக்குறவளுக கேலி பண்ணுவாளுக. பையில மாத்திரை குறையிறது எனக்குத் தெரியும். அவளுகதான் எடுக்காளுகன்னு நெனச்சிருந்தேன்.

மூணாவது வெள்ளி மாத்திரையைப் போட்டு, முழங்கால் போட்டு, வேதப்புத்தகத்தைத் திறந்தேன். டீச்சர் தந்த காகிதம் விழுந்து பிரிஞ்சுச்சு. உள்ள அட்டையோட ரெண்டு மாத்திரை. நாலு மூலையும் வளைச்சு வெட்டினது.

என் கையைத் தவிர வேற யாரு கையும் அப்படி வெட்டாது. கேட்டதை ஆண்டவர் காட்டிட்டாரு.

சாயங்காலம் ஜெனிபா முன்னால அதை வச்சேன். அவ அழல. "முத மாத்திரை நீதான தந்த பெரியம்மா. லீவுல உப்பு வார வந்தப்ப, போட்டுக்க, வலி தெரியாதுன்ன."

"அது மேலு வலிக்குத்தானடி."

"அதைப் போட்டா அம்மா நெனப்பும் வரல. அதான் எடுத்தேன்."

டீச்சர்கிட்டச் சொல்லிக் காப்பாத்தினது ஆயிஷாதானாம். அவ வீட்டு வாசல்ல போய் மன்னிப்புக் கேட்டேன். "இப்பவாச்சும் வீட்டுல தேடுனீகளே"ன்னா. அவ அம்மா என்னை உள்ள கூப்பிட்டு டீ குடுத்தாக.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் போனோம். டாக்டரம்மா எனக்கும் சேத்துத்தான் வைத்தியம் பாத்தாக. லேசா இல்ல. ஒரு தடவ ஜெனிபா திரும்ப மாத்திரையைத் தொட்டுட்டா. நான் சண்டை போடல, அவளைப் பக்கத்துல உக்கார வச்சு அவ அம்மாவப் பத்திப் பேசினேன். அதுவரைக்கும் எங்க வீட்டுல அந்தப் பேச்சையே நான் எடுத்ததில்ல. அன்னைக்குத்தான் அவ வாய் விட்டு அழுதா. இந்த வருசம் பன்னெண்டாவது போறா. பரிட்சையில தூங்கல.

கர்த்தருக்கு நன்றி. சந்தேகம் எனக்கு இன்னும் முழுசாப் போகல. ஆனா இப்ப மொதல்ல என் சுருக்குப்பையைத்தான் பாக்குறேன்.

பிள்ளைகளை வச்சிருக்கிற என் சகோதரிகளே, யாருன்னு காட்டும்னு நீங்களும் கேளுங்க. அவர் காட்டுவாரு. காட்டினது நம்ம கையா இருந்தாலும் மறைக்காதீங்க.

மாத்திரையை விட்டதுல இப்ப எனக்கு முழங்கால் போட முடியல. பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துதான் ஜெபம் பண்றேன். பக்கத்துல ஜெனிபா முழங்கால் போடுறா.