ராசாத்தியின் புதுப் பல்

இந்த மலாயாவில் எனக்கு முதலில் கிடைத்த உபசாரம் ஒரு குவளைத் தண்ணீர். தோட்டத்துக்கு வெளியே கடை வைத்திருந்த மலாய்க்காரர் என் பல்லைப் பார்த்து, "சிரே?" என்று கேட்டார். சிரே என்றால் வெற்றிலை. நான் பல்லைத் தொட்டு, "ஆயர், ஆயர்" என்றேன். தண்ணீரால் வந்தது என்று சொல்ல எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தருமபுரிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் எல்லார் பல்லிலும் பழுப்புக் கோடு உண்டு. நாற்பது வயதில் என் அப்பாவுக்குக் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். வம்ச வாகு என்றார்கள், நானும் நம்பினேன். மூன்றாம் வகுப்போடு நின்று, கோலார் சுரங்கம், பெங்களூர் செங்கல் சூளை என்று அலைந்த பிறகுதான் ஊரைத் தள்ளி நின்று பார்க்க முடிந்தது. என் சித்தி ஒகேனக்கல் பக்கம் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். வாழ்க்கைப்பட்டு வந்து எங்கள் கிணற்றில் இருபது வருஷம் குடித்தும் அவர் பல் வெள்ளைதான். அவர் பெற்ற நான்கு பிள்ளைகளும் எங்களைப் போல. வயிற்றிலும் மடியிலும் இருக்கும்போது கிணற்றுத் தண்ணீரிலிருந்து சேர்வதுதான் பல்லிலும் எலும்பிலும் ஏறுகிறது என்று எனக்குப் பட்டது.

அதனால்தான் இங்கே மலாயாவில் என் மனைவி பழனியம்மா முழுகாமல் இருந்தபோது பயந்தேன். அவளும் எங்கள் ஊர்தான். பிரசவத்துக்கு ஊருக்குக் கப்பல் ஏறியே தீருவேன் என்று நின்றாள்.

"மொதப் புள்ளைய ஆத்தா வூட்லதாங்க பெக்கணும். இங்க என்ன, ரப்பர் மரமா வந்து புள்ளைய ஏந்தும்?"

"அந்தக் கெணத்துத் தண்ணியத்தானே அது குடிக்கும்?"

"நீங்களும் நானும் குடிக்கல? செத்தா போயிட்டோம்?"

போனாள். பெண் பிறந்தது, ராசாத்தி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு ஜப்பான்காரன் வந்தான். கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. மரவள்ளிக்கிழங்கு தின்று உயிரோடு இருந்தேன். எங்கள் லயத்து வீடுகளில் அந்த வருஷங்களில் பிறந்த குழந்தை ஒன்றுகூடத் தங்கவில்லை.

சண்டை முடிந்து, மொரப்பூரில் ரயில் இறங்கி ஊருக்குப் போனபோது ராசாத்திக்கு ஐந்து வயது. அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். இழுத்து, தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். என் மைத்துனன் சிரித்தான்.

"என்னங்க மாமா, சந்தையில மாடு புடிக்கற மாதிரி பல்லப் பாக்கறீங்க! சுழி பாக்கலீங்களா?"

பல் எல்லாம் வெள்ளை. பழனியம்மா ஜெயித்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள். தோற்றதில் எனக்கும் சந்தோஷம்.

மூவரும் மலாயா வந்தோம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது பால் பல்லப்பா. அடியில இருக்கிற பல்லு மடிப் பிள்ளையா இருக்கும்போதே உருவாகிடும். அது வரட்டும், அப்புறம் பேசு. கடைசிக் கடைவாய்ப் பல்லு மட்டும்தான் இனிமே இங்கத்துத் தண்ணியில உருவாகும்."

பழனியம்மாவிடம் சொல்லவில்லை. பிள்ளை சாப்பிடும்போது வாயைப் பார்ப்பேன். ஓடினால் கால் வளைகிறதா என்று முழங்காலைப் பார்ப்பேன். கீழ்ப் பல் ஆடி விழுந்த வாரத்தில் ரப்பர் பாலுக்கு மரப்பட்டையைக் கீறும்போது கத்தி இரண்டு முறை ஆழமாக இறங்கிவிட்டது. கங்காணி திட்டினார். முளைத்த பல்லில் பளபளப்பே இல்லை, சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் அப்படித்தான் முளைக்கும். பழுப்பு பிறகு ஏறும். மாதங்கள் போயின. போன வாரம் ராசாத்தியே பழுப்புக் கோட்டைக் கண்ணாடியில் கண்டுபிடித்தாள்.

"அம்மா, எனக்கும் வந்துருச்சு! உன்னாட்டமே வந்துருச்சு!"

ஊரில் அவள் பார்த்த பெரியவர்கள் எல்லாருக்கும் அந்தக் கோடு உண்டு. தானும் வளர்ந்துவிட்டதாகக் குதித்தாள். அடுப்படியில் இருந்த பழனியம்மா நிமிரவில்லை.

"நான் போவாமயே இருந்திருக்கலாங்க."

"இங்க இருந்திருந்தா புள்ளையே இருந்திருக்காது" என்றேன். அவளைத் தேற்ற அப்படிச் சொல்லவில்லை. அது உண்மை.

ராசாத்தி வாசலில் உட்கார்ந்து ரம்புத்தான் பழம் தின்றுகொண்டிருந்தாள். கோடு விழுந்த முன்பல்லால் தோலைக் கிழித்தாள். சுளையை நாக்கால் உள்ளே தள்ளி, கடைசிப் பல் இன்னும் முளைக்காத கடைவாய் ஓரத்தில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.